கரோனேஷன் பூங்காவைப் பார்த்துக்கொள்வோருக்கு, ஒரு பலகை கேட்டு

வணக்கம்.

டெல்லியில் புராரி அருகே நீங்கள் பராமரிக்கும் பூங்காவைப் பற்றிச் சென்னையிலிருந்து எழுதுகிறேன். அந்தப் பக்கம் 1877, 1903, 1911 என்று மூன்று முறை தர்பார், அதாவது பிரிட்டிஷ் அரசின் பெரிய அரச விழா, கூடியது. பேர் வாங்கியது 1911தான். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நேரிலேயே வந்து, அதுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்த தலைநகர் மாற்றச் சேதியை அங்கேதான் உடைத்தார். சரி, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் கேட்க வந்தது முதல் தர்பாரைப் பற்றி.

1877 ஜனவரி 1. விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்த நாள். ராணி வரவில்லை, வைஸ்ராய் லிட்டன் பிரபு வைத்ததுதான் சட்டம். பழைய தர்பார்களில் ராஜாக்கள் நஜர் (காணிக்கை) வைத்துக் கிலத் (மரியாதை உடை) வாங்குவார்கள். லிட்டன் அதை மாற்றி, பதக்கமும் கொடியும் என்று ஆக்கினார். சமஸ்தானங்களுக்கு ஐரோப்பியப் பிரபுக்கள் பாணியில் குலச்சின்னம் வரைய ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. கொடிக்குச் சாட்டின் துணி, பித்தளைக் கம்பம். ஒரு கொடியைத் தூக்க வாட்டசாட்டமான ஸ்காட்லாந்து சிப்பாய்கள் இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

இங்கே அப்போது தாது வருஷப் பஞ்சம், 1876-78இன் பெரும் பஞ்சம். சென்னை கவர்னர் பக்கிங்ஹாமும் விழாவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஜனவரியிலேயே, நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து சேர்ந்தார். வந்தவர் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார்: நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, கூட ஓரணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. இதை வைத்து உடம்பு தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய், அந்தப் பஞ்சக் காலத்தில் நிவாரண வேலையாக வெட்டியதுதான். கவர்னர் பெயரில் பக்கிங்ஹாம் கால்வாய் என்கிறோம். மயிலாப்பூரில் பறக்கும் ரயிலில் ஏறுகிறவர்கள் தினமும் அதைப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு.

பூங்காவில் 1877-க்கென்று ஒரு பலகை வைப்பதாக இருந்தால், கொடியின் கனத்தை எழுதுங்கள், தாராளமாக. கீழேயே அந்த ஒரு பவுண்டையும் எழுதுங்கள். இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் இருந்தால் நல்லது. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்க நான் தயார். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவன்