எல்லாவற்றுக்கும் ‘நிறுத்தம்’ போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கில ஏஜென்சிச் செய்தியில் ‘ஃபேஸ் அவுட்’ வந்தாலும் ‘ஃபேஸ் டவுன்’ வந்தாலும், ‘டேப்பர்’, ‘வீன் ஆஃப்’, ‘வைண்ட் அப்’ என்று எது வந்தாலும், தமிழில் ‘நிறுத்தம்’ அல்லது ‘ரத்து’ என்று போட்டுவிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் ஊறிப்போயிருக்கிறது. பக்கம் முடிக்கும் நேரத்து அவசரம் தெரிந்ததுதான். ஆனால் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரும் சொற்கள் அல்ல. கடைசியில் பூஜ்யம் வருமா, அதுவரை எது ஓடிக்கொண்டிருக்கும் என்ற இரண்டையும் பார்த்துவிட்டே தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும்.

‘ஃபேஸ் அவுட்’ என்றால் கெடு வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவது. ‘ஃபேஸ் டவுன்’ என்றால் குறைப்பது மட்டும். பூஜ்யத்துக்கு வாக்குறுதி கிடையாது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில், நிலக்கரி மின்சாரம் பற்றிய வரியில் ‘அவுட்’ இருந்த இடத்தில் ‘டவுன்’ வந்தது. அந்தத் திருத்தத்தை வாசித்தவர் நம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ். மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக் கண்கலங்கினார். அதே வாக்கியத்தில், திறனற்ற புதைபடிவ எரிபொருள் மானியங்களுக்கு ‘அவுட்’ அப்படியே நின்றது. இரண்டுக்கும் ‘படிப்படியாக நிறுத்தம்’ என்று எழுதினால், இத்தனை பேர் எதற்காக மல்லுக்கட்டினார்கள் என்பதே வாசகருக்கு விளங்காது. நிலக்கரிக்குப் ‘படிப்படியாகக் குறைத்தல்’, மானியங்களுக்குப் ‘படிப்படியாக ஒழித்தல்’ என்று எழுதினால் வேறுபாடு தானே தெரியும்.

ஏசி வாயு பற்றிய செய்திகளிலும் இதே குழப்பம். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு, ஓசோன் படலத்தைக் காக்க வந்த மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒழியும் பட்டியலில் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கு அதன் கெடு 2030. பழைய எந்திரங்களின் பராமரிப்புக்கு மட்டும் அதற்குப் பிறகும் சிறு அளவு அனுமதி உண்டு. இப்போது கடையில் கிடைக்கும் ஏசிகளின் ஆர்-32 அப்படியல்ல. அதே உடன்படிக்கைக்கு 2016இல் செய்த கிகாலி திருத்தத்தின்படி அது குறையும் பட்டியலில் வரும் ஹைட்ரோ ஃபுளோரோ கார்பன் வகை. இந்த வகை முழுவதற்கும் இந்தியா 2028இல் அதற்கு மேல் ஏறாதபடி உச்ச வரம்பு வைத்து, 2032இல் குறைக்கத் தொடங்கி, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். மீதி 15 சதவீதம் இருக்கவே செய்யும். ‘ஏசி வாயுவுக்குத் தடை’ என்ற தலைப்பு இரண்டில் எதற்கும் பொருந்தாது.

நம் ஊரில் ‘படிப்படியாக’ என்பதே ஒரு அரசியல் சொல்லாகிவிட்டது. மதுக்கடைகளை 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் தடவைக்கு 500 வீதம் மூடினார்கள். கடைசிக் கடைக்குத் தேதி குறித்தவர் யாருமில்லை. இதை ஆங்கிலப் பதிப்புக்காக ‘ஃபேஸ் அவுட்’ என்று மொழிபெயர்த்தால், அரசு சொல்லாததை நாம் சொன்னதாகும்.

‘டேப்பர்’ என்பது வேகத்தைக் குறைப்பது. 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் பென் பெர்னான்கி, பொருளாதாரத்துக்கு ஊக்கம் தரக் கடன் பத்திரம் வாங்கும் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்றார். அப்போது மாதத்துக்கு 8,500 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் ரூபாய் மதிப்பு டாலருக்கு 68ஐத் தாண்டிச் சரிந்தபோது, அங்கே ஒரு டாலர்கூடக் குறைக்கப்பட்டிருக்கவில்லை. 2014 ஜனவரியில்தான் 7,500 கோடியானது. அக்டோபரில் வாங்குவது முடிந்தது. இதற்கு ‘ஊக்க நிதி நிறுத்தம்’ என்று தலைப்பிட்டால், நடந்த வரிசையே தலைகீழாகிவிடும். ‘குறைப்பு’ என்று போட இடம் போதாது என்றும் சொல்ல முடியாது. அது நான்கெழுத்து, ‘நிறுத்தம்’ ஐந்து.

இதே ‘டேப்பர்’ மருத்துவப் பக்கத்தில் வரும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரங்கள் சாப்பிட்டால், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி தானாகக் கார்ட்டிசோல் ஹார்மோன் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென விட்டால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். சுரப்பி மறுபடி விழித்துக்கொள்ள அவகாசம் தரத்தான் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார். ‘மாத்திரையை நிறுத்த வேண்டும்’ என்று அச்சாகும் ஒரு வரியை யாராவது அப்படியே பின்பற்றிவிடக்கூடும்.

பிரமுகர்கள் மருத்துவமனையில் இருக்கும்போது வரும் அறிக்கைகளில் ‘வீன் ஆஃப்’ அடிக்கடி வரும். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைச் சொல்லும் சொல் அது. வென்டிலேட்டரின் அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் குறைத்துக்கொண்டே வந்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளி தானாக மூச்சுவிடுகிறாரா என்று சோதிப்பார்கள். தாங்கவில்லை என்றால் பழைய நிலைக்கே திரும்புவார்கள். ஆகவே ‘வென்டிலேட்டர் அகற்றம்’ என்பது பொய்ச் செய்தி. ‘வென்டிலேட்டர் உதவி குறைக்கப்படுகிறது’ என்பதே சரி.

போராட்டம், காய்ச்சல், விற்பனை போன்றவை தாமாக அடங்குவதற்கு ‘பீட்டர் அவுட்’, ‘ஃபிஸில் அவுட்’ என்பார்கள். இங்கே நமக்குப் பஞ்சமே இல்லை. ஓய்ந்தது, தணிந்தது, பிசுபிசுத்தது. ‘போராட்டம் நிறுத்தம்’ என்றால் யாரோ நிறுத்தினார்கள் என்றாகிவிடும்.

அதிகம் பணம் புழங்கும் இடம், கம்பெனியின் கணக்கு வழக்கை முடித்துக் கலைப்பதைச் சொல்லும் ‘வைண்ட் அப்’. ஒரு கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பாயம் இந்த உத்தரவைப் போட்ட அன்று கம்பெனி மறைந்துவிடுவதில்லை. லிக்விடேட்டர் என்ற கலைப்பு அதிகாரி பொறுப்பேற்பார், கம்பெனியிடமிருந்து பாக்கி வரவேண்டியவர்களிடம் உரிமைகோரல் மனு கேட்பார், சொத்தை விற்பார், சட்டம் சொல்லும் வரிசைப்படி பங்கிடுவார். அதன் பிறகே கம்பெனி கலைந்ததாக உத்தரவு வரும். முதல் நாளிலேயே ‘நிறுவனம் கலைப்பு’ என்று எழுதினால், சம்பள பாக்கி உள்ள தொழிலாளியும் சரக்குக் கொடுத்த சிறு வியாபாரியும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். மனு கொடுக்க வேண்டிய கெடுவோ அந்த நாள்களில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய செய்திகளில் ‘கலைப்பு நடவடிக்கை தொடக்கம்’ என்று எழுதி, மனுவுக்கான கடைசித் தேதியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செய்தி மொழிபெயர்ப்பில் உள்ள ஒரு வாசகர்,
திருச்சி.