சாட்டையைத் தேடும் முதலாளிகளுக்கு

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் அணி முதலாளிகளுக்கு,

வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஆட்டத்தில் களத்தில் முடிவெடுப்பவர் கேப்டன். பயிற்சியாளர் பெவிலியனில் உட்கார்ந்து நகம் கடிப்பார். உங்கள் ஆட்டத்தில் மேனேஜரும் சீருடை மாட்டிக்கொண்டு டக்அவுட்டில், அதாவது களத்தோரம் வீரர்கள் உட்காரும் இடத்தில் நிற்கிறார். யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து வீசும் பிட்சரை எப்போது மாற்றுவது, எல்லாம் அவர் கையில். அதனாலோ என்னவோ, அணி தோற்றுக்கொண்டே இருந்தால் உங்களுக்கு முதலில் தோன்றுவது ‘கறாரான ஆள் ஒருவரைப் பிடி’ என்பதுதான்.

அந்த மருந்து வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. செய்யும், அதுவும் முதல் வருடம் பிரமாதமாகச் செய்யும். மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், 1966-ல் பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்த பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு மறுவருடம் டிக் வில்லியம்ஸ் மேனேஜராக வந்தார். கேப்டன் பதவியே வேண்டாம் என்று எடுத்துவிட்டார். எடை கூடிய வீரரை வெளியே உட்கார வைத்தார். 1967-ல் அதே அணி அமெரிக்கன் லீக் பட்டம் வென்றது. சரி, அப்புறம்? 1969 முடிவதற்குள் வில்லியம்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு கறார் மேனேஜர் பில்லி மார்ட்டின் கதையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ஓக்லண்ட் அணி 1979-ல் 108 ஆட்டங்களில் தோற்றிருந்தது. மார்ட்டின் வந்த 1980-ல் 83 வெற்றி. எப்படி? வழக்கமாக நடுவில் மாற்றப்படும் தொடக்க பிட்சரையே கடைசி வரை வீச வைத்தார். 162 ஆட்டங்களில் 94-ஐத் தொடங்கியவரே முடித்தார். ரிக் லாங்ஃபோர்டு மட்டும் 28. மறுவருடம் பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்று. அதற்கடுத்த 1982-ல் 94 தோல்வி, மார்ட்டினுக்கு வேலை போனது. அந்த இளம் பிட்சர்களில் ஒருவர்கூட பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. தோள்கள் தேய்ந்ததற்கு அவர் மட்டும்தான் காரணமா என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். எனக்குச் சந்தேகமில்லை.

நியூயார்க் யாங்கீஸில் இதே மார்ட்டின் 1977-ல் நட்சத்திர வீரர் ரெஜ்ஜி ஜாக்சன் பந்தை விரட்டி ஓடவில்லை என்று ஆட்டத்தின் நடுவிலேயே அவரை வெளியே இழுத்தார். டக்அவுட்டில் இருவரும் மல்லுக்கு நின்றதை நாடே டிவியில் பார்த்தது. அந்த வருடம் உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டித் தொடரையும் வென்றார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1978 ஜூலையில் அணி பாஸ்டனைவிட 14 ஆட்டங்கள் பின்தங்கியது, மார்ட்டின் விலகினார். வந்தவர் பாப் லெமன். அதட்டத் தெரியாத, அமைதியான மனிதர். அதே கோடையில் சிகாகோ அணி வேண்டாம் என்று அனுப்பியவர். கிட்டத்தட்ட அதே வீரர்களை வைத்துக்கொண்டு 48 வெற்றி, 20 தோல்வி, கடைசியில் உலகத் தொடர். மறுவருடமே லெமனை நீக்கி மார்ட்டினைத் திரும்பக் கூப்பிட்டார் முதலாளி ஸ்டைன்பிரென்னர்! மொத்தம் ஐந்து முறை அவரை மேனேஜராக்கினார். சாட்டை மேல் உங்களுக்கு உள்ள காதல் அப்படி.

சமீபத்திய கதை உங்களுக்கே தெரியும். 2011 செப்டம்பரில் ரெட் சாக்ஸ் சரிந்தது. ஆட்டம் நடக்கும்போதே சில பிட்சர்கள் உள்ளே கோழி வறுவலும் பீருமாக இருந்தார்கள் என்ற செய்தி வெளியானது. இரண்டு கோப்பை வாங்கித் தந்த டெர்ரி ஃபிராங்கோனா போனார், கண்டிப்புக்காக பாபி வாலன்டைன் வந்தார். 2012-ல் 93 தோல்வி. அடுத்த வருடம் ஜான் ஃபேரல் வந்து கோப்பை வென்றார். நடுவில் வீரர்களும் நிறையப் பேர் மாறியிருந்தார்கள், முழுப் புகழும் மேனேஜருக்குப் போகாது. அதேபோல் 2011-ன் சரிவுக்குக் கோழி வறுவல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த மாதம் உங்கள் பிட்சிங்கே படுமோசம்.

இப்போது வரிசையையும் பிட்சர் மாற்றத்தையும்கூடப் பெரும்பாலும் மாடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். மேனேஜருக்கு மிச்சமிருப்பது வீரர்களோடு பழகும் அந்த அறைதான். 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் அதே முகங்கள். அங்கே தினமும் கத்துகிறவரின் சத்தம் ஜூலையிலேயே காதில் விழாமல் போய்விடும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கறாரான ஆளை நேர்காணலுக்குக் கூப்பிடும்போது, அவர் முதல் வருடம் எத்தனை வெற்றி கூட்டினார் என்ற தாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவர் விட்டுவிட்டு வந்த அணியின் பிட்சர்களுக்கு ஒரு போன் போட்டு, தோள் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.

இப்படிக்கு,
விடியற்காலையில் எழுந்து உங்கள் ஆட்டம் பார்க்கும் ஒரு ரசிகன்