பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்த அண்ணாச்சிக்கு

பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து விடுதலையான என் தம்பியைப் போன ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவன் வழக்கு ஊருக்கே தெரியும். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது. நீங்கள்தான் நகர்ந்து, "இங்க உக்காருங்க தம்பி" என்றீர்கள். பாட்டு எண் சொன்னதும் உங்கள் பாமாலைப் புத்தகத்தை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தீர்கள். அப்புறம், அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழும்பத் தயங்கியவனைத் தோளைத் தொட்டுக் கூடவே அழைத்துப் போனீர்கள்.

பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவை என்னைப் போலவே ஏற்றுக்கொள்ளும், அவன் பட்ட கடனை என் கணக்கில் வையும் என்று அப்போஸ்தலன் பவுல் சிறையிலிருந்து அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதினாரே, அதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆராதனை முடிந்து தேடினோம், நீங்கள் கிளம்பியிருந்தீர்கள். ரொம்ப நன்றி அண்ணாச்சி. அம்மாவும் சொல்லச் சொன்னார்கள்.