சிலுவைப் பாதை எங்கள் தெருவுக்கும் வரட்டும்: பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

மதிப்பிற்குரிய சாமி, பங்குப் பேரவை உறுப்பினர்களே, உபதேசியார் ஐயா,

மார்ச் 27, வெள்ளிக்கிழமை மாலை ஊர் சுற்றி வரும் சிலுவைப் பாதைக்கான பட்டியலைக் கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். 14 நிலைகளும் (இயேசுவின் பாடுகளை நினைத்து நின்று செபிக்கிற இடங்கள்) எந்தெந்த அன்பியத்துக்கு (தெருவாரியான செபக் குழுவுக்கு) என்று பெயர் போட்டிருக்கிறது. முதல் நிலை கோயில் வாசல். அதன்பின் கிழக்குத் தெரு, கடைத்தெரு, பெரிய தெரு, குருசடி (சிலுவை நிற்கும் சிறு கோயில்), திரும்பவும் கோயில். எங்கள் தெற்குத் தெரு அன்பியத்துக்குப் பதினான்காம் நிலை: இயேசுவைக் கல்லறையில் அடக்கம் செய்கிறார்கள். 'இடம்' என்ற கட்டத்தில் 'கோயிலுக்குள்' என்று எழுதியிருக்கிறது. சென்ற ஆண்டும் இதே நிலை, இதே இடம்தான். அடக்கம் செய்கிற வேலை எங்களுக்குப் பழக்கமானது என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

இதை நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், தனியாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. அன்பியக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். எங்கள் பிரதிநிதி அதைப் பேரவையில் கொடுத்தார். 'பார்க்கலாம்' என்றீர்கள். பலகையில் பட்டியல் வந்துவிட்டது.

பேரவையில் சொல்லப்பட்ட காரணங்கள் எங்கள் காதுக்கும் வந்தன. தெரு குறுகலாம், பெரிய சிலுவையும் மைக் செட் வண்டியும் திரும்ப முடியாதாம். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்து திரும்புகிறது. தேர்தல் வருகிறது, ஓட்டுக் கேட்கிறவர்களின் வேனும் அதன் பின்னால் வரிசையாக பைக்குகளும் வந்து திரும்பத்தான் போகின்றன. மைக் செட் வண்டி என்பது ஒரு டாட்டா ஏஸ். அதை ஓட்டுகிற பையனே எங்கள் தெருக்காரன், தினமும் ராத்திரி வண்டியைத் தன் வீட்டு வாசலில்தான் நிறுத்துகிறான். அப்புறம், நேரமாகிவிடுமாம், வயதானவர்களால் அவ்வளவு தூரம் நடக்க முடியாதாம். கோயிலில் இருந்து எங்கள் தெருமுனை, செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம். எங்கள் தெருவிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதே தூரத்தை வருஷம் முழுக்க நடந்துதான் பூசைக்கு வருகிறார்கள். விளக்கு இல்லை என்பது உண்மை. அதை ஊராட்சியிடம் கேட்டு வாங்கவும் பேரவையில் இருக்கிற இரண்டு முன்னாள் வார்டு உறுப்பினர்களால் முடியும்.

இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் மைக்கில் சொல்வதில்லை. பெரிய தெருக்காரர்கள் சிலர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு எங்கள் காலனிக்குள் வர மாட்டார்கள். இதைச் சொன்னால் கோயிலுக்குள் சாதியைக் கொண்டுவருகிறேன் என்று என் மேலேயே பழி வரும் என்று தெரியும். பட்டியலைப் போட்டது நான் இல்லை.

சிலுவைப் பாதை எங்கிருந்து வந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எருசலேமில் ஆண்டவர் சிலுவை சுமந்த வழியில் திருப்பயணிகள் செபித்துக்கொண்டே நடந்தார்கள். அவ்வளவு தூரம் போக முடியாத மக்களுக்காகப் பிரான்சிஸ்கன் துறவிகள் அந்தப் பக்தியை ஊர் ஊராகப் பரப்பினார்கள். நிலைகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட்தான் 14 என்று உறுதி செய்தார். எண்ணிக்கை மாறினாலும் வழி மாறவில்லை. பிலாத்துவின் மாளிகையில் தொடங்கி ஊருக்கு வெளியே போய் முடிகிற வழி அது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா அன்றைய எருசலேமின் மதிலுக்கு வெளியே இருந்தது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் 13-ஆம் அதிகாரத்தில் இதை அழுத்திச் சொல்கிறது: இயேசு நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார், ஆகவே நாமும் பாளையத்தை விட்டு வெளியேறி அவரிடம் போவோம், அவர் பட்ட இகழ்ச்சியில் பங்குகொள்வோம் என்கிறது.

நம் ஊரில் ஊருக்கு வெளியே என்று கை நீட்டினால் எந்தத் திசை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏரிக்கரை, கல்லறைத் தோட்டம், எங்கள் தெரு. நீங்கள் போட்டிருக்கிற வழித்தடமோ பிலாத்துவின் வீட்டில் கிளம்பி, தலைமைக் குருவின் வாசல் வழியாக, மறுபடியும் பிலாத்துவின் வீட்டுக்கே வந்து சேர்கிறது. இயேசு ஊருக்கு வெளியே போகவே இல்லை. இந்தப் பாதையில் அவர் எங்கே சாகிறார்? பட்டியலைப் பார்த்தேன். பன்னிரண்டாம் நிலை, குருசடி அருகில், நிதிக்குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டு வாசல். பந்தல், நாற்காலி, மோர் ஏற்பாடு உண்டு என்று அடியில் குறிப்பு வேறு.

சாமி நம் பங்குக்குப் புதிது. எங்கள் தெருவில் தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, எப்படி இருக்கும் என்று பார்த்திருக்க வாய்ப்பில்லை. திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 வயது வரை. அதுவும் தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும். எங்கள் கிழவிகளுக்கு இந்த வரம்பெல்லாம் தெரியாது. எழுபது தாண்டியவர்கள்கூட நாற்பது நாளும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்கள், நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டே. சுத்தபோசனம் (கறி சாப்பிடாமல் இருப்பது) வெள்ளிக்கிழமையோடு நிற்பதில்லை. திருநீறு பூசிய அன்றே கறி எடுப்பது நின்றுவிடும். கருவாடு சேர்த்தியா இல்லையா என்று வருஷா வருஷம் ஒரு வழக்கு நடக்கும். மீன் சாதிதானே என்று கருவாட்டுக்குச் சாதகமாகவே தீர்ப்பாகும். சாயந்திரம் ஏழு மணிக்கு ஒவ்வொரு வீடாகச் செபமாலை. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து, குளித்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிலுவைப் பாதைக்கு ஓடுகிறோம். ஒவ்வொரு நிலையிலும் 'எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி' என்று மிகச் சத்தமாகப் பதில் சொல்வது கோயிலின் எந்தப் பக்கம் என்று சாமி பீடத்தில் இருந்து கேட்டிருப்பீர்கள்.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் ஓலை வெட்ட மரம் ஏறுகிறவர்களும் எங்கள் தெரு ஆட்கள்தான். அந்த ஓலைதான் வீடுகளில் காய்ந்து, அடுத்த ஆண்டு கோயிலுக்குத் திரும்பி வந்து, எரிந்து திருநீறாகிறது. பிப்ரவரி 18 அன்று பெரிய தெரு நெற்றிக்கும் எங்கள் நெற்றிக்கும் ஒரே கிண்ணத்தில் இருந்துதான் பூசினீர்கள். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியம். திரும்புகிற மண் மட்டும் வேறு வேறு. கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு சுவர் நிற்கிறது, இரண்டு பக்கமும் தனித்தனி வாசல். அதை யார் எப்போது கட்டினார்கள் என்று கேட்டால் எல்லோரும் தாத்தா காலம் என்கிறார்கள். சென்ற நவம்பரில் வெள்ளையடித்தது யார் காலத்தில்?

தவக்காலத்தில் போய் இதையெல்லாம் கிளப்ப வேண்டுமா, அமைதியாகச் செபிக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிப்ரவரி 20 மாலைப் பூசையில் முதல் வாசகம் வாசித்தது நான்தான். எசாயா இறைவாக்கினர் நூல், 58-ஆம் அதிகாரம். நோன்பிருக்கிற நாளிலும் உங்கள் ஆதாயத்தையே தேடுகிறீர்கள், வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று கடவுள் கோபப்படுகிற இடம். நுகத்தை உடைப்பதும் ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும்தான் நான் விரும்புகிற நோன்பு என்கிறார். வாசித்துவிட்டு வந்தபோது பேரவை உறுப்பினர் ஒருவர், "வாசகம் ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று பாராட்டினார். சந்தோஷம். என்ன வாசித்தேன் என்றும் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டிலும் 110-ஆம் எண்ணில் இதே கருத்து இருக்கிறது. தவக்கால ஒறுத்தல் மனசுக்குள்ளேயும் தனி ஆளோடும் நின்றுவிடக் கூடாது, வெளியிலும் சமூகத்திலும் தெரிய வேண்டும்.

இன்னொருவர், "எறையூர் மாதிரி ஆயிடும், பாத்துக்குங்க" என்றார். சரி, எறையூரைப் பேசுவோம். 2008 மார்ச் 9, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியதை ஒட்டி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் எங்கள் பக்கத்தவர்கள் இல்லை, வன்னியக் கத்தோலிக்கர்கள். எங்களைப் போலவே ஞானஸ்நானம் வாங்கியவர்கள், அன்று பிழைத்திருந்தால் அந்த வாரமும் சிலுவைப் பாதைக்குப் போயிருப்பார்கள். அவர்களை நினைத்தால் எனக்கும் மனசு கனக்கிறது. அந்த ஞாயிறு பூசையின் நற்செய்தி, லாசரை உயிர்ப்பித்த பகுதி. மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இந்த ஆண்டும் அதே முறைதான் வருகிறது. மார்ச் 22 அன்று, நம் ஊர் சுற்றும் சிலுவைப் பாதைக்கு ஐந்து நாள் முன்னால், கல்லறை வாசலில் நின்று 'கல்லை அகற்றிவிடுங்கள்' என்று ஆண்டவர் சொல்வதைக் கேட்கப் போகிறோம். வருஷக்கணக்காகக் கேட்டும் 'பார்க்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் போலீஸ்தான் வந்து பேசும் என்பதுதான் எறையூரில் இருந்து நான் புரிந்துகொண்டது. அதனால்தான் இப்போதே, பேச்சாகவே இருக்கும்போது கேட்கிறோம்.

மேலே இருப்பவர்கள் பேசாமல் இல்லை. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது உண்மையான ஆன்மிகத்துக்கே ஆபத்து என்று நேருக்கு நேர் சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. நாட்டில் உள்ள 1.9 கோடி கத்தோலிக்கரில் சுமார் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதிலேயே இருக்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆவணம் ரோமில் இருந்து டெல்லிக்கும், டெல்லியில் இருந்து மறைமாவட்டத்துக்கும் வந்துவிடுகிறது. எங்கள் தெருமுனையில்தான் வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது.

சாமி, இனி உங்களுக்கு மட்டும். 'பேரவை முடிவு, நான் என்ன செய்ய' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். திருச்சபைச் சட்டம் 536-ஐப் பாருங்கள். பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்கிற உரிமை மட்டும்தான். தலைமை தாங்குகிறவர் பங்குத்தந்தை. வழித்தடத்தை மாற்றுவதற்கு உங்களுக்கு யாருடைய ஓட்டும் தேவையில்லை. மாற்றினால் சிலர் முகம் திருப்புவார்கள், காணிக்கை கொஞ்சம் குறையும், தேர்த் திருவிழாவில் ஒன்றிரண்டு உபயகாரர்கள் பின்வாங்குவார்கள். எல்லாம் எங்களுக்கும் தெரியும். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்துவைத்த சுவர் இருந்தது. கௌசானல் சாமி அங்கே இருந்த காலத்தில், 1910-இல், அது இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். உங்களிடம் நாங்கள் சுவர் இடிக்கக்கூட இப்போது கேட்கவில்லை. சாயந்திரம் ஒரு அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறோம்.

பெரிய வியாழன் பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேர் பட்டியலும் இப்படித்தான் தயாராகிறது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் அதில் சேர்க்கலாம் என்று விதியை மாற்றிய பிறகும் நம் பங்கில் அது பன்னிரண்டு பெரிய மனிதர்களின் வரிசைதான். அதை இப்போது விட்டுவிடுகிறேன். ஒரு மடலில் ஒரு சண்டை போதும்.

நாங்கள் கேட்பது பன்னிரண்டாம் நிலை. இயேசு சிலுவையில் உயிர் விடுகிறார். தெற்குத் தெரு முனையில், வேப்பமரத்தடியில். எல்லோரும் முழந்தாள்படியிட்டு மௌனமாக இருக்க வேண்டிய நிலை அது. முதல் நாளே தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து வைக்கிறோம். டியூப் லைட்டுக்கு எங்கள் பையன்கள் வீட்டில் இருந்து வயர் இழுத்துத் தருவார்கள். பந்தல் கிடையாது. மோர் உண்டு. குடிக்கிறவர்கள் குடிக்கலாம், விருப்பமில்லாதவர்களை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அங்கிருந்து பதிமூன்று, பதினான்கு நிலைகளுக்குக் கல்லறைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதோடு, அன்று சிலுவை சுமக்கிறவர்களின் பட்டியலில் ஒவ்வொரு அன்பியத்தில் இருந்தும் ஒரு ஆண், ஒரு பெண் பெயர் இருக்கட்டும். எங்கள் தெரு எல்லை வந்ததும் சிலுவை கை மாறி எங்கள் ஆட்களிடம் வருவது, தெருவைத் தாண்டியதும் திரும்ப வாங்கிக்கொள்வது என்ற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய தெருக்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்குள்ளும், எங்கள் தெருக்காரர் ஒருவர் பெரிய தெருவிலும் சுமக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பேரவைக் கூட்டம் என்று அறிவிப்பில் சொன்னீர்கள். எங்கள் அன்பியத்தில் இருந்து நாங்கள் சிலர் வருகிறோம், வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். கேள்வி இருந்தால் கூப்பிடுங்கள். முடிவு எதுவானாலும் அடுத்த ஞாயிறு பூசை அறிவிப்பில், பீடத்தில் இருந்து, காரணத்தோடு வாசித்துவிடுங்கள் சாமி. ஆள் அனுப்பி வீட்டில் வந்து சமாதானம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தெற்குத் தெரு அன்பியத்தின் சார்பில்,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை