மறதி நோய் உள்ள வீட்ல ராத்திரி தூக்கத்தையும் விசாரிங்க: டெல்டா மாவட்ட சுகாதாரத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்ங்க.

2021ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுலேருந்து சுகர், பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருது, கொண்டாந்து குடுக்குற அக்காங்களுக்கு கோடி புண்ணியம். ஆனா டிமென்ஷியாங்குற மறதி நோய் வந்தவங்க ராத்திரி தூங்குறாங்களான்னு கேக்கத்தான் ஆள் இல்ல. எங்க அப்பா வெவசாயி. வெளக்கு வைக்கிற நேரத்துலயே படபடப்பு ஆரம்பிச்சிடும், நடுராத்திரி எந்திரிச்சு மண்வெட்டிய தேடுவாரு, நம்ம மொற வந்துட்டு, மடைய தொறக்கணும், நாத்து காயுதும்பாரு, நெலத்த குத்தகைக்கு விட்டாச்சுப்பான்னு சொன்னா நீ யாருன்னு மொறைப்பாரு. மேட்டூர் தொறந்து வாய்க்கால் நெறைய தண்ணி போற மாசங்கள்ல அம்மா கொல்லக் கதவ பூட்டிட்டு, குறுக்க பாய போட்டு அங்கயேதான் படுக்குறாங்க. அவங்களுக்கும் வயசாச்சு, முட்டி வலி, தூக்கமே இல்ல.

இப்படி இருக்குற வீட்ல யாரு என்ன வைத்தியம் சொன்னாலும் கேப்பாங்க. இப்ப எங்க பக்கம் அக்குபஞ்சர்தான் பேச்சு. மணிக்கட்டு ரேகையில சுண்டுவிரல் பக்கமா ஷென்மென்னு ஒரு புள்ளி இருக்கு, அதுல ஊசி வச்சா தூக்கம் வரும்ங்குறாங்க, சிலபேரு ஊசியே இல்லாம வெரலால தொட்டாலே போதும்ங்குறாங்க. நான் அதுக்கு எதிரி கெடையாது, 2019ல மத்திய அரசே தனி மருத்துவ முறையா ஏத்துக்கிட்டதுதான். ஆனா தூக்கமின்மைக்கு அக்குபஞ்சர் கேக்குமான்னு 2012ல, மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசிப் பாக்குற காக்ரேன் குழு 33 ஆய்வ எடுத்து பாத்துட்டு, உறுதியா சொல்ற அளவுக்கு ஆய்வோட தரம் இல்லன்னுட்டாங்க. அது பொதுவான தூக்கமின்மைக்கு. மறதி நோய்க்காரங்களுக்குன்னு பாத்தா ஆதாரம் இன்னும் கம்மி. சரி மாத்திரையாவது நிச்சயமான்னா, அல்சைமர்ங்குற மறதி நோய் வகையில, தூக்கத்துக்குக் குடுக்குற மெலடோனின் மாத்திரைக்கும் பலன் தெரியலன்னுதான் 2020ல அதே குழு எழுதுனாங்க.

எனக்கு பயம் ஊசிய பத்தி இல்லீங்க. "இங்கிலீஷ் மருந்த எல்லாம் நிறுத்திடுங்க"ன்னு சேத்து சொல்றாங்க பாருங்க, அதுதான். சுகர், பிரஷர் மாத்திரைய பட்டுன்னு நிறுத்துனா என்னாவும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவங்களுக்கு ஊசி குத்துனா ரத்தம் கசியும், குத்துன ஊசிய அப்பா மாதிரி ஆளுங்க தானே புடுங்கிடுவாங்க, இதெல்லாம் யாரு கேட்டு பாத்துட்டு வைக்கிறாங்க?

அதனால கேக்குறது இதுதான். வீட்டுக்கு வர்ற அக்காங்களுக்கு ஒரு நாள் பயிற்சி குடுங்க. மறதி நோயில மூளைக்குள்ள இருக்குற பகல் ராத்திரி கணக்கே கொழம்பிப் போவுது, அதுக்கு மேல சொல்லத் தெரியாத வலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, சாயங்காலம் போடுற நீர் மாத்திரைன்னு எதுவேணா அவங்கள எழுப்பி விடும், அத விசாரிக்க சொல்லுங்க. காலைல வெயில்ல திண்ணையில உக்கார வைங்க, மத்தியானத் தூக்கத்த கொறைங்க, மெடிக்கல்ல சளிக்கும் அரிப்புக்கும் குடுக்குற தூக்கம் வர்ற மாத்திரைய வாங்கிக் குடுக்காதீங்க, அது கொழப்பத்த இன்னும் ஏத்தும்னு வீட்ல உள்ளவங்ககிட்ட சொல்ல சொல்லுங்க. அக்குபஞ்சரும் வேணும்னு கேக்குற குடும்பத்துக்கு, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல நரம்பு டாக்டர் பாத்து சரின்னு சொன்ன பெறகு, படிச்சவங்க கையால, ஒரு தடவ மட்டும் பயன்படுத்துற ஊசியில, மருந்த நிறுத்தாம குடுக்க ஏற்பாடு பண்ணுங்க, தூக்கம் கூடுச்சா இல்லையான்னு எழுதியும் வைங்க.

குறுவைக்கு தண்ணி வர்றதுக்கு முன்னாடி இந்த பயிற்சிய முடிச்சிங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்ங்க.

இப்படிக்கு,
மன்னார்குடி பக்கத்துலேருந்து ஒரு மகள்