வால்வு வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அலைந்ததில் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாகப் பார்வை தெரிகிறது. காலையில் பேப்பரை முதலில் எடுப்பதே அவர்தான்.

சரி, உன் ஹோண்டா சிட்டி காருக்கு வருவோம். கோல்டு ஏர் இன்டேக் போட்டுவிட்டாய், அதாவது குளிர்ந்த காற்றை இழுத்து இன்ஜினுக்குக் கொஞ்சம் சக்தி கூட்டும் குழாய். அதன் ஏர் ஃபில்டர் இப்போது முன்பம்பருக்குப் பின்னால் கீழே தொங்குகிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் வேளச்சேரியில் இருந்துகொண்டு இதைச் செய்தாயே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறாமல் தடுக்க வாங்கலாமா என்று நீ கேட்ட பைபாஸ் வால்வு ஏமாற்று வேலை இல்லை. குழாயின் மேல்பக்கம் வளையம்போலச் செருகுவார்கள். வெளியே ஸ்பாஞ்ச், உள்ளே ரப்பர் மடல்கள். ஃபில்டர் தண்ணீரில் மூழ்கியதும் குழாய்க்குள் உறிஞ்சல் கூடும். உடனே மடல்கள் திறந்து மேலிருந்து காற்று உள்ளே போகும், தண்ணீர் ஏறாது. இது இல்லாவிட்டால், குழாயில் அழுத்தம் 6 சதவீதம் குறைந்தாலே தண்ணீர் 60 சென்டிமீட்டர் ஏறிவிடும். ஓடுகிற இன்ஜினுக்கு அது பெரிய இழுப்பே இல்லை.

ஆனால் ஃபில்டர் முழுக்க மூழ்கினால்தான் வால்வுக்கு வேலை. எதிரே வரும் பஸ் வாரி அடிக்கிற தண்ணீர் ஃபில்டர் வழியாகக் கசிந்தால் அதைத் தடுக்காது. வெள்ளம் வால்வு உயரத்துக்கே வந்துவிட்டால் அதுவும் தண்ணீரைத்தான் இழுக்கும். டர்போ வண்டிக்குப் போடாதே என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள், உனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். உன் 1.5 லிட்டர் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சிலிண்டருக்குச் சுமார் 40 மில்லி. இருமல் மருந்து பாட்டிலில் பாதிகூட இல்லை. தண்ணீர் காற்றுபோல அமுங்காது. அதனால் அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

2015 டிசம்பரில் என் வண்டிக்கு நடந்தது அதுதான். கம்பெனியே பொருத்திய ஏர் பாக்ஸ்தான் (ஃபில்டர் பெட்டி) இருந்தது, பள்ளிக்கரணையில் முழங்கால் தண்ணீர். நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தேன். 'டங்' என்று ஒரே சத்தம். ஷெட்டில் பிரித்தபோது ராடு வில்லாக வளைந்திருந்தது. இன்ஜின் பாதுகாப்பு சேர்க்காத பாலிசி என்று காப்பீட்டில் கையை விரித்துவிட்டார்கள். நீ அதைச் சேர்த்திருக்கிறாயா என்று பார், இன்டேக் மாற்றியதையும் அவர்களிடம் சொல்லிவிடு.

இன்டேக்கை வருடம் முழுக்க வைத்துத்தான் ஓட்டுவாய் என்றால் வால்வை வாங்கு, காசு வீண் இல்லை. ஆனால் வால்வு இருக்கிறதே என்று தண்ணீரில் மட்டும் இறக்கிவிடாதே. என்னைக் கேட்டால், ஐப்பசி பிறந்ததும் பழைய ஏர் பாக்ஸை மாட்டிவிட்டு, தை மாதம் திரும்ப மாற்றிக்கொள். அந்த மூன்று மாதம் கொஞ்சம் குதிரைசக்தி குறைந்தால் என்ன?

அந்தப் பழைய ஏர் பாக்ஸ் வீட்டில்தானே இருக்கிறது? கடையிலேயே விட்டுவிட்டு வந்தாயா? அதை முதலில் எழுது.

அன்புடன்,
சேகர்