ஆறு ஸ்பீக்கரும் ஒலித்தால் அது 5.1 ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் உள்ள படங்களின் சரவுண்ட் ஒலியை (சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும் ஒலியை) ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது ஒலியை வாங்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் கருவி, வழியாகக் கேட்க விரும்பிப் பெரும் பணம் செலவிடுபவர்கள் இன்று பலர். அவர்களுக்குக் கருவியைப் பொருத்தித் தருபவர்கள் பெரும்பாலும் செய்துவிட்டுப் போகும் ஒரு தவற்றை, நானே ஓராண்டுக் காலம் அனுபவித்தவன் என்ற முறையில், தங்கள் நாளிதழின் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு 5.1 ரிசீவரும் அதற்குரிய ஸ்பீக்கர்களும் வாங்கினேன். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) தனித்தனியாக வரும் ஆறு ஒலித்தடங்கள், அதாவது ஆறு சேனல்கள். கடையிலிருந்து வந்தவர் கணினியிலிருந்து ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளை டிவிக்கும், டிவியிலிருந்து ஒரு ஆப்டிகல் கேபிளை ரிசீவருக்கும் இணைத்தார். ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டனை அழுத்தியதும் ஆறு ஸ்பீக்கரும் ஒலித்தன. "சரவுண்ட் வந்துவிட்டது சார்" என்றார். நானும் நம்பினேன். ஆனால் எழுபத்து நான்கு வயதான என் தாயார் முதல் நாளிலிருந்தே ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் நிறைய வருகிறது, பேசுவது மட்டும் புரியவில்லை என்பதுதான் அது. வயதின் காரணமாகச் செவித்திறன் குறைந்துவிட்டது என்று எண்ணி, காது மருத்துவரிடம்கூட அழைத்துச் சென்றேன். குறை அவருடைய காதில் இருக்கவில்லை என்பதை இங்கே மனவருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

5.1 ஒலியில் வசனத்துக்கென்றே ஒரு சேனல் இருக்கிறது. டிவிக்கு நேர் கீழே வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில் வருவது அதுதான். இசையும் பிற ஓசைகளும் பெரும்பாலும் இடம், வலம், பின்புறம் எனப் பிரிந்துபோக, பேச்சு மட்டும் நடுவில் தனித்து நிற்பதால்தான் இரைச்சலான சண்டைக் காட்சியிலும் அது தெளிவாகக் கேட்கிறது. அந்தச் சேனலை மட்டும் சற்று உயர்த்திக்கொள்ளும் வசதி ஏறக்குறைய எல்லா ரிசீவர்களிலும் உண்டு. முதியோர் உள்ள வீடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் கணினி ஆறு சேனல்களையும் இரண்டாகச் சுருக்கி அனுப்பினால், வசனம் இசையோடு கலந்துவிடுகிறது. அந்த இரண்டு சேனலை 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்ற அமைப்பில் ரிசீவர் எல்லா ஸ்பீக்கருக்கும் ஊற்றும்போது, சென்டரில் வருவதும் அதே கலவை, முதுகுக்குப் பின்னால் வருவதும் அதே கலவை. என் வீட்டில் ஓராண்டாக நடந்தது இதுதான்.

உண்மையைச் சொன்னது ரிசீவரின் முகப்பில் இருந்த சிறு திரைதான். உள்ளே வரும் ஒலி எந்த வகையைச் சேர்ந்தது என்று அது எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கிறது. 5.1 ஒலிப்பதிவு உள்ள படம் ஓடும்போது அங்கே 'டால்பி டிஜிட்டல்', 'டிடிஎஸ்' (இரண்டும் பல சேனல் ஒலியைச் சுருக்கி வைக்கும் முறைகள்) அல்லது 'மல்டி சேனல்' என்ற பொருளில் ஏதேனும் தெரிய வேண்டும். என் ரிசீவரில் வெறும் 'பி.சி.எம்.' (கோப்பாகச் சுருக்கப்படாத ஒலி) என்று, இரண்டு சேனல் குறியோடு இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காரணம் எளியது. கணினி ஒலியை அனுப்புவதற்கு முன், எச்.டி.எம்.ஐ. கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவியிடம் அதனால் எத்தனை சேனல் வாங்க முடியும் என்பதைக் கேட்டு அறிந்துகொள்கிறது. இ.டி.ஐ.டி. எனப்படும் ஒரு சிறு தகவல் தொகுப்பாக அந்தப் பதில் வருகிறது. மறுமுனையில் இருப்பது டிவி என்றால், அதற்கு இருப்பவை இரண்டு ஸ்பீக்கர்கள்தாம். எனவே இரண்டு சேனல் போதும் என்றே பல டிவிகள் பதில் சொல்கின்றன. கணினியும் அவ்வாறே சுருக்கி அனுப்புகிறது. அதற்கு அப்பால் எவ்வளவு விலையுயர்ந்த ரிசீவரை வைத்தாலும், சுருங்கியது சுருங்கியதுதான்.

ஆப்டிகல் கேபிளுக்கும் ஓர் எல்லை உண்டு. தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த இந்த இணைப்பு, சுருக்கப்படாத ஒலி என்றால் இரண்டு சேனலை மட்டுமே தாங்கும். (இங்கே சுருக்குவது என்பது சேனல்களைக் குறைப்பதன்று, தரவின் அளவைக் குறைப்பது.) நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட் என்று கணக்கிட்டால் இரண்டு சேனலுக்கு நொடிக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட் ஆகிறது. ஆறு சேனலுக்கு 46 லட்சத்து 8 ஆயிரம் பிட் தேவை. அதே ஆறு சேனல் டால்பி டிஜிட்டலாகச் சுருக்கப்பட்டிருந்தால், டிவிடியில் அதிகபட்சமே 4 லட்சத்து 48 ஆயிரம் பிட்தான். ஆகவே டிவிடியில் உள்ள டால்பி டிஜிட்டலையோ சாதாரண டிடிஎஸ் ஒலியையோ பிரிக்காமல் (டிகோட் செய்யாமல்) அப்படியே அனுப்பினால், ஆப்டிகல் வழியிலும் உண்மையான 5.1 கிடைக்கும். கணினியே பிரித்து அனுப்பும் ஒலியும், கணினி விளையாட்டுகள் அந்தந்த நொடியில் உருவாக்கும் ஒலியும் அந்த வழியில் இரண்டு சேனலாகவே போய்ச் சேரும். டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற உடனடிச் சுருக்க வசதி உள்ள சவுண்ட் கார்டு இதற்கு விதிவிலக்கு.

நான் பின்னர் செய்தது கேபிளின் இடத்தை மாற்றியது மட்டுமே. கணினியின் எச்.டி.எம்.ஐ. கேபிளை டிவியிலிருந்து கழற்றி ரிசீவரின் உள்வரும் துளையில் செருகி, ரிசீவரின் வெளிச்செல்லும் துளையிலிருந்து டிவிக்கு வேறொரு கேபிள் கொடுத்தேன். எச்.டி.எம்.ஐ. சுருக்கப்படாத எட்டுச் சேனல் வரை தாங்கும் என்பதால் இடநெருக்கடிக்கே வழியில்லை. ஆனால் கேபிளை மாற்றியதும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதிக்குச் சென்று, பிளேபேக் பட்டியலில் ரிசீவரின் பெயரைத் தேர்ந்து, கான்ஃபிகர் என்பதை அழுத்தி, ஸ்டீரியோ என்று இருந்ததை 5.1 என மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சாளரத்திலேயே ஓர் அறையின் படமும் ஸ்பீக்கர்களின் படமும் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் அதற்குரிய ஸ்பீக்கரில் மட்டும் மணியொலி வர வேண்டும்.

அம்மாவை வழக்கமான நாற்காலியில் அமர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒலி வரும் திசையைக் கையால் காட்டச் சொன்னேன். முன் இடம், முன் வலம் இரண்டையும் சரியாகக் காட்டினார். சென்டரை அழுத்தியபோது நேரே டிவியைக் காட்டினார். பின் இடத்தை அழுத்தியபோது வலது தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். அவர் தவறு செய்கிறார் என்று எண்ணி எழுந்துபோய்ப் பார்த்தால், பின்புற ஸ்பீக்கர் இரண்டின் வயர்களும் ரிசீவரில் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன. ஓராண்டாக அப்படியே இருந்திருக்கின்றன. எல்லா ஸ்பீக்கரிலும் அதே கலவை வந்துகொண்டிருந்த வரை அது எங்கள் காதுக்குப் பிடிபடவில்லை. அன்றிரவு படம் பார்த்தபோது அம்மா ஒலியளவைக் கூட்டச் சொல்லவில்லை.

இந்த முறையில் ஒரு சிறு தொல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எச்.டி.எம்.ஐ.யில் ஒலி தனியாகப் போவதில்லை, காட்சிக்குறிப்பின் இடைவெளிகளில்தான் ஏறிப்போகிறது. ஆகவே மானிட்டரை வேறு கேபிளில் வைத்துக்கொண்டு, ஒலிக்காக மட்டும் ரிசீவரை இணைத்தால், கணினி அதை இரண்டாவது திரையாக எண்ணிக்கொள்ளும். மவுஸ் அம்புக்குறி சில வேளை அந்தக் கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் போய்விடும். மேலும் ரிசீவரை முதலில் இயக்கிவிட்டுப் பிறகு கணினியை இயக்குவது நல்லது. இல்லையேல் அமைப்பு மீண்டும் ஸ்டீரியோவுக்குத் திரும்பிவிடக்கூடும்.

டிவியில் ஏ.ஆர்.சி. துளை (எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். 2009இல் வந்த ஏ.ஆர்.சி. சுருக்கிய டால்பி ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும். கணினி பிரித்து அனுப்பும் ஆறு சேனலை அனுப்பாது. பின்னர் வந்த இ.ஏ.ஆர்.சி. அனுப்பும், ஆனால் டிவி, ரிசீவர் இரண்டிலும் அது இருக்க வேண்டும். மேலிருந்தும் ஒலி வருவதாகத் தோன்றச் செய்யும் டால்பி அட்மாஸ் வேண்டுவோர் படம் ஓட்டும் மென்பொருளில் பாஸ்த்ரூ என்ற அமைப்பை இயக்கி, ஒலியைப் பிரிக்காமல் ரிசீவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதன் பின்புறம் ஆறு சேனலை உள்வாங்கும் ஆறு ஆர்.சி.ஏ. துளைகள் (சிறு வட்டத் துளைகள்) வரிசையாக இருந்தால், டெஸ்க்டாப் கணினியின் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு ஜாக்குகளிலிருந்து மூன்று கேபிள்களில் முழு 5.1 ஒலியையும் கொண்டுவரலாம். பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும் உரியது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையோ வழக்கமான புளூடூத் இணைப்போ இரண்டு சேனலுக்கு மேல் தராது.

நம் ஊரில் இன்னொரு வகையும் பெருமளவில் விற்கிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 5.1 என்று இருக்கும். பின்புறம் பார்த்தால் ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. துளையும் யு.எஸ்.பி.யும் புளூடூத்தும் மட்டுமே இருக்கும். உள்ளே ஆறு சேனல் போக வழியே இல்லாத கருவிக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது முறையன்று என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து தரும் தொழிலாளர்கள் இந்த வகையில் நேர்மையானவர்கள் என்பேன். 'இது புரோலாஜிக் போர்டு, இது டிடிஎஸ் டிகோடர் போர்டு' என்று பிரித்துச் சொல்லியே விலை சொல்கிறார்கள். ஸ்டீரியோ ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் புரோலாஜிக் முறை குறைவானது என்றும் நான் சொல்லவில்லை. இரண்டு சேனலிலும் பொதுவாக உள்ளதைப் பிரித்தெடுத்து நடுவுக்குக் கொண்டுவருவதால், வசனத்தைப் பொறுத்தவரை 'ஆல் சேனல் ஸ்டீரியோ'வைவிட அது எவ்வளவோ மேல். ஸ்டீரியோவில் பதிவான பழைய படங்களை நான் இன்றும் அந்த அமைப்பில்தான் பார்க்கிறேன்.

விற்பனையாளர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. வாங்குபவரின் வீட்டில் கருவியைப் பொருத்தியதும், பாட்டை ஒலிக்கவிட்டுக் கிளம்பிவிடாமல், மேலே சொன்ன மணியொலிச் சோதனையை ஆறு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் செய்து காட்ட வேண்டும், 5.1 படம் ஒன்றை ஓட்டி, ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்பதை வீட்டாருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாங்குபவர்களும் இந்த இரண்டும் முடியும் வரை பொருத்தியதற்கான சீட்டில் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் டிவி, கணினி, ரிசீவர் மூன்றின் பின்புறப் படங்களையும் அச்சிட்டு, எந்தத் துளை எத்தனை சேனல் தாங்கும் என்பதை ஒருமுறை விளக்கினால், வீட்டில் ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே தங்கள் இணைப்பைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஈரோடு.